காய் அரியும் யந்திரம்

சமையலறை விஷயத்தில் ஆண்பிள்ளை ஒருவர் பேனாவை எடுப்பது உசிதந்தானா என்று நேயர்களில் சிலர், முக்கியமாக நேயர்களின் வீட்டு அம்மாள்மார், கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் வீட்டுக்கு ஒரு யந்திரம் வாங்க வேண்டும் என்று ஏற்பட்டுவிட்டால் அந்த யந்திரம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. பணம் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, இரண்டு வருஷம் கழித்துப் பழுதானால் யாரிடம் தூக்கிக்கொண்டு போவது என்ற கேள்விகள் வீட்டார் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகின்றன. மேலும், திருச்சிராப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் இருபது வருஷமாகப் பௌதிகம் கற்பித்து வருகிறோம். மோட்டார் என்ற சொல் காதில் விழுந்த பிறகு சும்மா இருப்பது நமக்குச் சாத்தியமில்லை.

நம் நாட்டு வீடுகளில் அரைக்கும் வேலைக்கு யந்திரம் வந்து வெகு காலமாகிறது. அதற்கு ஒரு சுவையான பூர்வகதையும் உண்டு. மேல்நாட்டு மிக்ஸிகள் பழச்சாறு கலக்குவதற்குப் பிறந்தவை. ஊறவைத்த உளுந்தையும், காய்ந்த மிளகாயையும், மஞ்சளையும் கண்டதும் அவற்றின் மோட்டார் புகைந்துவிடும். சத்யப் பிரகாஷ் மாதுர் என்ற இந்திய எஞ்சினியர், தம் மனைவி வைத்திருந்த ஜெர்மன் மிக்ஸி அவ்விதம் எரிந்து போனதைக் கண்டு, நம் சமையலுக்கு ஈடு கொடுக்கும் மோட்டாரைத் தாமே அமைக்க முற்பட்டார். 1963இல் அவர் தொடங்கிய தொழிலிலிருந்து பிறந்ததுதான் 'சுமீத்' மிக்ஸி. மாவரைக்கும் கிரைண்டரோ கோயம்புத்தூரின் சொந்தப் பிள்ளை. அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டு அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்ற மூன்றையும் வீடுகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, பெண்களின் கைப் பிரயாசையைக் குறைப்பதற்கு இவையே முக்கியம் என்று அரசாங்கமும் எண்ணியது, ஜனங்களும் எண்ணினார்கள். காய் அரிவதற்கு ஒரு யந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. வேண்டும் என்று ஒருவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அரைத்தல் என்பது ஒரே தொழில். கல்லோ, தகடோ, ஏதாவது ஒன்று சுற்றினால் காரியம் முடிந்தது. அரிதல் அப்படியன்று. வெண்டைக்காயைச் சாம்பாருக்கு விரல் நீளம் நறுக்க வேண்டும், கறிக்கு வட்டம், பச்சடிக்குப் பொடி. வாழைக்காய் வறுவலுக்கு மெல்லிய வில்லை, பொடிமாஸுக்குத் துருவல். கொத்தவரங்காயைப் பொடியாக அரியாவிட்டால் உசிலி உசிலியாக இராது. கீரையைக் கட்டாகப் பிடித்து அரிய வேண்டும். வாழைப்பூவில் இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் நரம்பை எடுத்த பிறகே கத்திக்கு வேலை. இத்தனை விதத்தையும் அறிந்த யந்திரம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது பத்து விரல்களுடன் காலை ஐந்து மணிக்கு எழுந்திருந்து அடுப்பங்கரைக்குள் செல்கிறது.

நம் வீட்டில் அந்த யந்திரம் பழுதுபட்டது.

நம் சகதர்மிணிக்கு வயது 43. வீட்டில் நாம் ஐந்து பேர்: நம் இருவரோடு தாயாரும், கல்லூரியில் படிக்கும் மகனும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும். காலை ஏழரை மணிக்குள் மூன்று டப்பாக்களில் சாதமும் கறியும் நிரம்பியாக வேண்டும். தினந்தோறும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் காய் நறுக்க வேண்டியிருக்கும். சென்ற வருஷம் மழைக்காலத்தில், நடுநிசியில் அவள் எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறுவதைக் கண்டோம். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மட்டும் மரத்துப் போகின்றன என்றாள். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கைக் கேட்டவுடனேயே வைத்தியர் தலையை அசைத்தார். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே குறுகலான சுரங்கம் ஒன்று இருக்கிறதாம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் செல்ல வேண்டும். இடம் நெருங்கினால் நரம்பு அழுந்துகிறது. 'கார்ப்பல் டன்னல்' என்று அதற்குப் பெயர். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கே இது அதிகம். அதுவும் நடு வயதில்.

இரவில் மணிக்கட்டு மடங்காதபடி ஒரு பட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார் வைத்தியர். குணப்படாவிட்டால் ஊசி; அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சிறு அறுவைச் சிகிச்சை. "பொருளை இறுகப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றும் சொன்னார். காய் நறுக்குவதை இதைவிடப் பொருத்தமாக வர்ணிப்பது கடினம்.

இந்தச் சமாசாரத்தைக் கேட்டதும் நம் தாயார், "கத்தியும் பலகையும் வந்ததனால்தான் இந்தக் கஷ்டம். அரிவாள்மணை இருந்த காலத்தில் யாருக்குக் கை மரத்தது?" என்றார். அவருக்கு வயது 74. அவர் சொன்னதில் பௌதிக நியாயமும் உண்டு. அரிவாள்மணையில் கத்தி அசைவதில்லை. காலால் பலகையை மிதித்துக்கொண்டு, காயை இரண்டு கைகளாலும் கத்தியிடம் கொண்டு செல்கிறோம். பாரம் இரு கைகளுக்கும் பங்காகிறது. ஆகவே பரணிலிருந்து அரிவாள்மணை இறங்கியது. சகதர்மிணி பதினைந்து நாள் அதில் அமர்ந்து பார்த்தாள். கை சிறிது தேறியது. ஆனால் தரையில் உட்கார்ந்து எழுவதற்கு முழங்கால் சம்மதிக்கவில்லை. காயைக் கிள்ளிப் பிடிக்கும் கட்டைவிரலுக்கும் ஓய்வு கிடைத்தபாடில்லை. தாயாருக்கோ பத்து வருஷமாகவே தரையில் உட்கார முடியாது.

அப்பொழுதுதான் மின்சாரத்தில் ஓடும் யந்திரம் ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தோம். செலவு நாலாயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தோம். மாசக் கடைசியில் உபாத்தியாயர் வீட்டுத் தீர்மானங்கள் எல்லாம் இரண்டாவது தீர்மானத்தையே பிரதானமாகக் கொண்டவை.

மேல்நாட்டில் இந்த யந்திரத்தின் வரலாறு நமக்கு நேர்மாறானது. அங்கே அரைக்கும் யந்திரத்துக்கு அவசரமில்லை. அரியும் யந்திரத்துக்குத்தான் அவசரம். ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் வில்லெம் வான் பெர்க்கல் என்ற கசாப்புக் கடைக்காரர், கை செய்கிற அறுப்பு அசைவை அப்படியே செய்யும் யந்திரம் ஒன்றை அமைத்து, 1898இல் அதற்கென்று தொழிற்சாலையே தொடங்கிவிட்டார். வட்டமான தகடு சுற்றும்; மாமிசத்தை ஏந்திய தட்டு முன்னும் பின்னும் போய்வரும். இன்று கடைகளில் 'ஸ்லைசர்' என்ற பெயரால் விற்பவை அதன் பேரப்பிள்ளைகளே. அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் என்பவர், நகைத் தொழிலிலிருந்து வந்தவர், ரொட்டியை அரிவதற்கு ஒரு யந்திரம் செய்தார். 1917இல் நேர்ந்த தீவிபத்தில் அவருடைய மாதிரியும் வரைபடங்களும் சாம்பலாயின. விடாமல் மறுபடியும் செய்தார். 1928ஆம் வருஷம் ஜூலை 7ஆம் தேதி, மிஸௌரி மாகாணத்துச் சில்லிகாத்தி என்ற சிற்றூரில் அந்த யந்திரம் அரிந்த ரொட்டி முதன்முதல் விலைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் மனத்தைத் தொட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1943ஆம் வருஷம் ஜனவரி 18ஆம் தேதி, அரிந்த ரொட்டி விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் உத்தரவு போட்டது. அரிந்த ரொட்டி சீக்கிரம் உலர்ந்துவிடும்; அதனால் கனமான காகிதத்தில் சுற்ற வேண்டும்; யுத்த காலத்தில் அது வீண் செலவு என்பது வாதம். ஓர் இல்லத்தரசி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். கணவனுக்கும் நான்கு குழந்தைகளுக்கும் காலைப் பலகாரத்துக்கும் மத்தியான உணவுக்குமாக அவசர அவசரமாகத் தான் அரிய வேண்டிய துண்டுகள் 22 என்று கணக்குக் காட்டினாள். மார்ச் 8ஆம் தேதி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வல்லரசு ஒன்று ஐம்பது நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை! காலை நேரத்துச் சமையலறையைப் பற்றி மந்திரிகள் அறிய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு யந்திரம் நம் வீடு தேடி வந்தது. விஷயம் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து வரும்போது பெரிய ஸ்லைசர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அவருடைய அன்பு பெரிது, யந்திரமும் பளபளப்பானது. ஆனால் அதன் அடியில் ஒட்டியிருந்த தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மாறாத தடை உள்ள ஒரு சாதனத்துக்கு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவான வோல்ட்டைக் கொடுத்தால் அது இழுக்கும் வாட் எத்தனை மடங்கு ஆகும் என்று மகளிடம் கேட்டோம். பெருக்கிப் பார்த்து, "மூன்றரை மடங்குக்கும் மேலே அப்பா" என்றாள். மோட்டார் விஷயத்தில் கணக்கு இவ்வளவு நேராக வராது. எரிவது மட்டும் நிச்சயம். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் ஓட்டலாம். அதற்கு ஆகும் விலையிலும் இடத்திலும் இங்கேயே ஒரு யந்திரம் வாங்கிவிடலாம் என்று தோன்றியது. வெளிதேசத்திலிருந்து எந்த மின்சாரப் பொருள் வந்தாலும், நேயர்கள் பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்க்குமுன் அடியிலிருக்கும் தகட்டைப் படிப்பார்களாக.

அந்தத் தகட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விளம்பரங்களில் வாட் என்ற எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வாட் என்பது யந்திரம் எவ்வளவு மின்சாரம் உண்ணுகிறது என்பதைக் காட்டுமேயொழிய எவ்வளவு நன்றாக அரிகிறது என்பதைக் காட்டாது. நிறையச் சாப்பிடுகிறவன் எல்லாம் நிறைய வேலை செய்கிறானா? மழுங்கிய கத்தியால் தக்காளியை அழுத்தினால் நசுங்குகிறது. கூரிய கத்தியை மெல்ல இழுத்தால் தோல்கூடச் சுருங்காமல் வில்லை விழுகிறது. ஆகவே அரிவதற்கு வேண்டியது கூர்மையும் இழுப்பும்; பலம் பிறகுதான். 150 வாட் யந்திரம் முட்டைக்கோஸைச் சுகமாக அரியும். 200 வாட் யந்திரம் தினம் ஐந்து நிமிஷம் ஓடினால், மாசம் முழுவதற்கும் அரை யூனிட் மின்சாரம் ஆகும். மின்கட்டணத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறிய மோட்டார்கள் ஓயாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இத்தனை நிமிஷம் ஓடலாம், பிறகு ஆற வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. அது தகட்டிலோ, கூட வரும் சிறு புத்தகத்திலோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கல்யாண வீட்டுக்குக் காய் அரிய நினைப்பவர்கள் அந்தப் பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பது நலம்.

ஒரு சனிக்கிழமை மாலை பெரிய கடை வீதிக்குப் போனோம். சகதர்மிணி ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டாள். அதில் பாதி முட்டைக்கோஸ், ஒரு பிடி பீன்ஸ், இரண்டு வாழைக்காய், நாலு வெங்காயம், வெண்டைக்காய் கொஞ்சம். கடைக்காரப் பையன் வழக்கம்போல் கேரட் ஒன்றை எடுத்து யந்திரத்தில் விட்டு வேடிக்கை காட்டத் தொடங்கினான். கேரட்டில் தோற்ற யந்திரம் உலகத்தில் இல்லை. "கேரட் எங்கள் வீட்டில் நானே நறுக்கிக்கொள்வேன் தம்பி. இதைப் போடு" என்று சொல்லி அவள் பீன்ஸை நீட்டினாள். பையன் கடை முதலாளியைப் பார்த்தான். முதலாளி நம்மைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்தோம். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதலில் பார்த்தது வட்டத் தகடு உடைய ஸ்லைசர். தகட்டின் குறுக்களவு ஏழரை அங்குலம். வில்லையின் கனத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். முட்டைக்கோஸ் நூல் நூலாக விழுந்ததைக் கண்டு சகதர்மிணியின் முகம் மலர்ந்தது. ஆனால் காயை ஏந்திய தட்டைக் கையால்தான் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி, மணிக்கட்டை மடக்கி, திரும்பத் திரும்ப! வைத்தியர் எதை விலக்கினாரோ அதையே இந்த யந்திரம் விதிக்கிறது. பீன்ஸ் அதில் நிற்கவே இல்லை. வெங்காயம் கடைசி ஒரு அங்குலத்துக்கு வந்ததும் விரலுக்கும் தகட்டுக்கும் இடையே தூரம் குறைந்துவிட்டது. அதற்கென்று ஒரு பிடிகட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொள்ளாமல் ஒருபோதும் தொடக் கூடாது. சுத்தம் செய்யத் தகட்டைக் கழற்ற வேண்டும். கழற்றியபோது அது வட்டமான வாள். வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர்களுக்கும், பாலாடைக்கட்டியும் மாமிசமும் அரிந்து உண்கிறவர்களுக்கும் இது உத்தமமான யந்திரமாகவே இருக்கும். சாம்பாரும் பொரியலும் செய்கிற வீட்டில் அது வருஷத்தில் பத்து நாள் வேலை செய்து மீதி நாள் பரணில் தூங்கும்.

அடுத்ததாகக் கைக்குள் அடங்கும் ஒரு சிறு கிண்ணம் வந்தது. கைப்பேசியைப் போல் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்வது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க்கு அது மகா கெட்டிக்காரன். ஆனால் அது அரியவில்லை, கொத்துகிறது. வெங்காயத்தைப் போட்டு இரண்டு விநாடி அதிகமாக அழுத்திய மாத்திரத்தில் துவையலுக்கு ஆரம்பம் செய்துவிட்டது. கயிற்றை இழுத்துக் கொத்தும் கருவி ஒன்றும் இருந்தது, மின்சாரமே வேண்டாம், மிக மலிவு. இழுக்கிற கை இருக்க வேண்டுமே?

மூன்றாவதாகப் பார்த்தது 'புட் பிராஸஸர்'. பிரெஞ்சுக்காரர்கள் உணவு விடுதிகளுக்காகச் செய்து, 1970களின் தொடக்கத்தில் வீட்டுக்கும் கொண்டுவந்த யோசனை இது. அகலமான ஜாடி, அதற்குள் கிடையாகச் சுழலும் ஒரு தட்டு, தட்டில் ஒரு பிளவும் அதன் ஓரத்தில் கத்தியும். மூடியின் மேல் ஒரு குழாய். காயைக் குழாயில் இறக்கி மேலிருந்து ஒரு கட்டையால் மெல்ல அழுத்தினால் போதும்; வில்லை கீழே விழுந்துவிடும். கை கத்தியின் பக்கமே போவதில்லை. அழுத்துவதை இடது கையாலும் செய்யலாம். மூடியைச் சரியாகத் திருகிப் பூட்டாவிட்டால் யந்திரம் ஓடாது. இந்த ஓர் அம்சம் இல்லாத யந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

இதிலும் மூன்று விதம் காட்டினார்கள். முதல் விதத்தில் இணைப்புகளின் எண்ணிக்கை பதினொன்று. மாவு பிசையும், சாறு பிழியும், முட்டை அடிக்கும். விலை நம் வரம்புக்கு இரண்டு பங்கு. இரண்டாவது, மிக்ஸியின் மேலேயே பொருத்தும் ஜாடி. மிக்ஸி மோட்டார் நிமிஷத்துக்குப் பதினெண்ணாயிரம் சுற்றுக்கும் அதிகமாகச் சுற்றுவது. சீவும் தட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வேகமே ஏராளம். ஆகவே வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம் அந்த ஜாடியில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டைக்கோஸ் அரிபடாமல் சிதறும். அதே கம்பெனி மிக்ஸி உள்ளவர்களுக்கு இதுவே சிக்கனமான வழி. நம் வீட்டு மிக்ஸி வேறு கம்பெனியாகப் போயிற்று.

மூன்றாவதையே வாங்கினோம். இந்தியாவில் செய்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு. சீவும் தட்டு ஒன்று, துருவும் தட்டு ஒன்று, கொத்தும் கத்தி ஒன்று. வேறு ஆடம்பரம் கிடையாது. விலை 3,400 ரூபாய். மற்றவற்றைக் காட்டிலும் இதைத் தேர்ந்தெடுத்தது குழாயின் அகலத்துக்காக. பாதி வெங்காயம் அப்படியே இறங்குகிறது. குழாய் குறுகலாயிருந்தால் காயை அதற்குள் நுழைப்பதற்காகவே முன்கூட்டி நறுக்க வேண்டியிருக்கும். யந்திரத்துக்கு ஊட்டுவதற்காகக் கத்தியைப் பிடிப்பதென்றால் யந்திரம் எதற்கு? பணம் கொடுக்குமுன் முதலாளியிடம் இன்னும் இரண்டு விலைகள் கேட்டோம்: உடைந்தால் ஜாடி என்ன விலை, மழுங்கினால் தட்டு என்ன விலை? சீவும் தட்டை வீட்டில் சாணை பிடிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். இரண்டுக்கும் அவர் உடனே பதில் சொன்னதும், பழுது பார்க்கும் இடம் அதே வீதியில் இருந்ததும் மனத்துக்குத் திருப்தியளித்தன.

யந்திரம் வந்து நான்கு மாசமாகிறது. முட்டைக்கோஸ், வெங்காயம், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, வாழைக்காய், வெள்ளரி, முள்ளங்கி ஆகியவற்றை அது மறுபேச்சின்றி அரிகிறது. உருளைக்கிழங்கு வில்லைகளை உடனே தண்ணீரிலும், வாழைக்காய் வில்லைகளை மோர் கலந்த தண்ணீரிலும் போட்டுவிட வேண்டும்; யந்திரம் அவ்வளவு மெல்லியதாகச் சீவுவதால் கறுப்பதும் சீக்கிரம். பீன்ஸையும் கொத்தவரங்காயையும் குழாயில் நெருக்கமாக நிறுத்தி அடைத்தால் முக்கால்வாசி ஒழுங்காக வருகிறது. கால்வாசி சாய்ந்து நீளமாக விழுகிறது. தாயார் அந்தக் கால்வாசியைத் தனியே பொறுக்கி எடுத்து நமக்குக் காட்டுவது வழக்கம். வெண்டைக்காயைப் போட்டால் கொழகொழவென்று ஜாடி முழுவதும் பூசிக்கொள்கிறது. கீரைக்கும் வாழைப்பூவுக்கும் அது ஒன்றும் செய்வதற்கில்லை. கழுவித் துடைத்து வைக்க நாலு நிமிஷம் பிடிக்கிறது. தட்டை விரலால் தேய்க்காமல் குழாய்த் தண்ணீரில் தூரிகை கொண்டு உடனேயே கழுவ வேண்டும். ஆகையால் கால் கிலோவுக்குக் குறைந்த காய்க்கு அதை எடுப்பது வீண்.

ஆக, வீட்டில் அரிய வேண்டியதில் ஏறக்குறையப் பாதியை யந்திரம் ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதி இருக்கிறதல்லவா? கடைக்காரரோ, விளம்பரமோ அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெண்டைக்காயும் கீரையும் சமைக்காமலே இருந்துவிடலாம் என்று மகன் ஒரு யோசனை சொன்னான். அது நிராகரிக்கப்பட்டது. இப்பொழுது முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் அவனும் நாமும் மேஜையின் இரு பக்கத்திலும் கத்தியும் பலகையுமாக உட்காருகிறோம். கீரை அவன் பங்கு. வெண்டைக்காயும் புடலங்காயும் நம் பங்கு. தாயார் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்கிறார். "சாம்பாருக்கா, கறிக்கா என்று கேட்டுக்கொண்டு கத்தியை எடு" என்பதுதான் அவர் பேரனுக்குக் கற்பித்த முதல் பாடம். கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்வது இரண்டாவது பாடம். ஐம்பது வருஷத்துக்கு மேல் கையினால் அறிந்ததை அவர் வாயினால் சொல்லும்போது, அரிதல் என்பதில் இவ்வளவு சாஸ்திரம் இருக்கிறதா என்று நமக்கே வியப்பாயிருக்கிறது. கத்திரிக்காயை எந்த நேரத்தில் தண்ணீரில் போடுவது, சேனையைத் தொடுமுன் கையில் என்ன தடவிக்கொள்வது, வாழைத்தண்டின் நாரை விரலில் எப்படிச் சுற்றி எடுப்பது, இவை எந்த யந்திரத்தோடும் வரும் புத்தகத்தில் இல்லை.

சகதர்மிணி முன்போல் தினமும் நடுநிசியில் எழுந்து கையை உதறுவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். பட்டையை இன்னும் இரண்டு மாசம் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். ஊசிக்கு இப்போது அவசரமில்லை என்கிறார். இந்தக் குணத்தில் பட்டைக்கு எவ்வளவு, யந்திரத்துக்கு எவ்வளவு, கீரை அரியும் பிள்ளைக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்ல அவராலும் இயலவில்லை.

வரும் ஆடிப்பெருக்குக்குக் காவேரிக் கரையில் சாப்பிடுவதற்காக உறவினர் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். சித்திரான்னங்களோடு வாழைக்காய் வறுவலும் உண்டு. தாயார் ஏற்கெனவே காந்தி மார்க்கெட்டில் இரண்டு டஜன் வாழைக்காய்க்குச் சொல்லி வைத்துவிட்டார். நடுவில் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஆறவிட வேண்டியிருக்கும் என்று அவரிடம் தெரிவித்திருக்கிறோம். "ஆறட்டும். அதுவரையில் நீயும் உன் பிள்ளையும் சீவுங்கள்" என்கிறார்.